மலைப் பேருந்தில் ஓர் இருக்கை

கல்வியைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நான் பேருந்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பொறுத்தருள்க.

தாடிக்கொம்பில் வாழும் நமக்கு ஒரு வண்டி போனால் மறு வண்டி உண்டு. மலையில் அவ்வாறு இல்லை என்பதைச் சென்ற மாதம் தாண்டிக்குடிக்குச் சென்றபோது கண்டேன். வத்தலக்குண்டிலிருந்து புறப்பட்ட வண்டி பட்டிவீரன்பட்டியில் நின்றது. ஊ.பு.அ. சௌந்தரபாண்டியனார் பிறந்த ஊர் அது. ஆதிதிராவிடரைத் தனியார் பேருந்துகள் ஏற்ற மறுத்த காலம் ஒன்று இருந்தது. 1920-களின் இறுதியில் இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராக இருந்த அவர், அவ்வாறு மறுக்கும் வண்டிகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். பொதுச் சாலையில் யாவரும் நடக்கலாம் என்னும் தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசனார் சட்டமன்றத்தில் நிறைவேற்றியது 1924-இல். சாலை திறந்தது, இருக்கை உடனே திறக்கவில்லை. முழுக் கட்டணம் கொடுத்தும், வெற்றிருக்கைகளின் நடுவே நின்றபடியே சென்றதை என் தந்தையார் சிரித்துக்கொண்டே சொல்வார். கேட்ட எனக்குத்தான் சிரிப்பு வந்ததில்லை.

சித்தரேவு கடந்ததும் சாலை மேலேறத் தொடங்கிற்று. வளைவுதோறும் ஒலிப்பானை நீட்டி அடித்தார் ஓட்டுநர். அரிசி மூட்டை, செய்தித்தாள் கட்டு, யாரோ ஒரு கிழவிக்கு வாங்கிய மருந்துப் பொட்டலம் எல்லாம் எங்களுடன் பயணம் செய்தன. நிறுத்தமே இல்லாத ஒரு காப்பித் தோட்ட வாயிலில் வண்டி நிற்க, நடத்துநர் பொட்டலத்தை நீட்டினார். காத்திருந்த சிறுவன் வாங்கிக்கொண்டு ஓடினான். மலையில் பேருந்துதான் அஞ்சல்காரர்; அதுதான் கடைத்தெரு.

பெரும்பாறைக்கு அப்பால் ஒரு மாணவி ஏறினாள். தோட்டக் கூலிக் குடும்பத்துப் பெண், ஒன்பதாம் வகுப்பு. கட்டணமில்லாப் பயண அட்டை வைத்திருந்தாள். அருகில் இடம் கொடுத்தேன், தயங்காமல் உட்கார்ந்தாள். அந்தத் தயக்கமின்மையைப் பார்த்து நான் அடைந்த மகிழ்ச்சியை அவள் அறியாள்.

“காலை வண்டி தாமதித்தால் என்ன செய்வாய், அம்மா?” என்றேன்.

“முதல் பாடம் போய்விடும், ஐயா. மாலை வண்டியை விட்டால்தான் பயம். காட்டெருமை நிற்கும் பாதையில் நடக்க வேண்டும். அதற்காகவே என் அக்காவை எட்டாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள்.”

2021-இல் மகளிர்க்குச் சாதாரண நகரப் பேருந்துகளில் கட்டணம் நீங்கியது. மலைப்பகுதிகளுக்கும் அது விரிவாக்கப்படும் என 2024-இல் அறிவிப்பு வந்தது. நல்லதே. ஆயினும் அவளுடைய அக்காவின் படிப்பு நின்றது காசில்லாமல் அன்று. பொழுது சாய்வதற்குமுன் வீடு சேர வண்டியில்லாமல்.

நம் கழகம் நூலும் சீருடையும் வழங்குகிறது. பள்ளிமணிக்கும் பேருந்து நேரத்திற்கும் உள்ள இடைவெளியை நாம் இதுவரை கணக்கில் எடுக்கவில்லை. மாலை வண்டியின் நேரத்தை மாற்றக் கோரி அப்பகுதிப் பெற்றோர் எழுதிய மனு என்னிடம் உள்ளது. அதில் பதினொரு கைந்நாட்டுகள், நான்கு கையொப்பங்கள். பந்தல் வாயிலில் மேசைமேல் வைத்திருக்கிறேன். பேனாவும் அங்கேயே இருக்கிறது.