நம் நாடகத்தில் யார் நடிப்பது?
(கலைக்குழுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

தோழர்களே!

விழாவில் நாடகம் போடுவதென்று முடிவு செய்துவிட்டோம். நடிப்பது யார் என்பதில்தான் தகராறு. "மதுரையில் ஸ்பெஷல் நாடக நடிகர்கள் இருக்கும்போது நாம் ஏன் மேடையேறி நகைப்புக்கு இடமாக வேண்டும்?" என்கிறார்கள் சிலர். "கூலிக்கு நடிப்பவன் நம் கதையைச் சொல்வானா?" என்கிறார்கள் வேறு சிலர்.

கூலி என்று இளக்காரமாகப் பேச வேண்டாம். ஆலையிலும் வயலிலும் நாமும் கூலிக்குத்தான் உழைக்கிறோம். விடிய விடிய நின்று பாடுகிறவரும் தொழிலாளியே. 1923லேயே மதுரையில் சங்கம் கண்டவர்கள் அவர்கள். மேடையில் தேசியப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்ற விசுவநாததாஸ், 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் மேடையிலேயே உயிர் நீத்தார். அவருடன் நடித்த கே.பி. ஜானகியம்மாள், மதுரையில் பாய்ஸ் கம்பெனியில் பிழைப்புக்காகச் சேர்ந்தவர். பின்னர் கம்யூனிஸ்ட் கட்சிக்கு வந்தார். உடைமைகளை விற்று இயக்கத்துக்குக் கொடுத்தார். 1967ல் மதுரை கிழக்கிலிருந்து சட்டமன்றம் சென்றார். இவர்களையா வெளியார் என்பது?

ஆனால் ஸ்பெஷல் நாடகத்தின் முறை வேறு. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன் எல்லோரும் தனித்தனியே பேசி வருகிறார்கள். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் வள்ளி திருமணமும் பவளக்கொடியும் அவர்களுக்கு மனப்பாடம். நம் நாடகமோ புதிது. குத்தகை பாக்கியும் ஆட்குறைப்பும் நமக்கல்லவா மனப்பாடம்! பல நாள் ஒத்திகைக்கு அவர்களை அழைத்தால் அத்தனை நாளும் கூலி தர நம் உண்டியலுக்கு வலுவில்லை. சும்மா வரச் சொன்னால் முதலாளிக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

கேரளத்தில் 1952ல் கே.பி.ஏ.சி. மேடையேற்றிய 'நிங்களென்னெ கம்யூனிஸ்டாக்கி' நாடகத்தில் பத்திரிகையாளர் கம்பிசேரி கருணாகரனும் வழக்கறிஞர் ஜனார்த்தனக் குருப்பும் வேடமிட்டார்கள். அந்த நாடகத்தை நாடே அறியும்.

ஆகவே நம் யோசனை இது. வேடங்களை நாமே ஏற்போம். குரலும் நடையும் கற்றுத்தர மூத்த நடிகர் ஒருவரை அழைப்போம். ஆர்மோனியமும் மிருதங்கமும் தொழில் கலைஞர்கள் கையில் இருக்கட்டும். பேசிய கூலியைப் பாக்கி வைக்காமல் கொடுப்போம். இரவு ஷிப்டுக்காரர்களுக்கும் தோதான நேரத்தில் ஒத்திகை வைப்போம்.

இன்னொன்று. "பெண் வேடத்துக்கு மட்டும் வெளியிலிருந்து ஆள் பிடிப்போம்" என்றார் ஒரு தோழர். நாற்று நடும் சகோதரிக்கு நாற்று நடுகிறவளாக நடிக்கத் தெரியாதா? தடை அவளிடம் இல்லை. வீட்டு வாசலில் நிற்கும் நம்மிடம் இருக்கிறது. முதலில் நாம் வழிவிடுவோம்.

வசனம் தடுமாறினால் சனங்கள் பொறுத்துக்கொள்வார்கள். ஒத்திகைக்கு வராமல் மேடையேறினால் பொறுக்க மாட்டார்கள். யார் யார் வருகிறீர்கள்? இப்போதே கை தூக்குங்கள், தோழர்களே!