இசை என்னும் தொழிற்கல்வி

(பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பொதினி எனச் சங்க நூல்கள் கூறும் பழனி, ஆயக்குடிக்கு மிக அண்மையது. அப்பகுதியை ஆண்ட பேகனை மயிலுக்குப் போர்வை ஈந்தவன் என்றே பள்ளிப் பாடங்கள் அறிமுகம் செய்கின்றன. புறநானூற்றின் 141ஆம் பாட்டும் மயிலைச் சொல்கிறது. ஆயினும் அதன் துறை பாணாற்றுப்படை. பரிசில் பெற்று மீளும் பாணன், எதிர்ப்பட்ட வறிய பாணனைப் பேகனிடம் செல்லுமாறு ஆற்றுப்படுத்துகிறான். இன்றைய வழக்கில் இதனைத் தொழில் வழிகாட்டல் என்றாலும் பிழையில்லை.

அந்த வழிகாட்டல் இன்று பத்தாம் வகுப்பு முடித்த இசைக்குடும்பத்துப் பிள்ளைக்குக் கிடைக்கிறதா என்பதே கேள்வி.

தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி 1978இல் தொடங்கியபோதே தொழிற்பிரிவும் உடன் வந்தது. தொழிற்பிரிவு என்றதும் கணக்குப் பதிவியல், மின்பொறி, செவிலியம், வேளாண்மை என நா சொல்லிக்கொண்டே போகும். இசை நினைவில் எழுவதில்லை. இத்தனைக்கும் அரசுத் தேர்வுகள் துறையின் தொழில்நுட்பத் தேர்வுகளில் ஓவியம், தையல், நெசவு ஆகியவற்றோடு இந்திய இசைக்கும் இடமுண்டு. லோயர், ஹையர் என மக்கள் வழங்கும் அவ்விரு படிகளையும் கடந்து, ஆசிரியப் பயிற்சியும் பெற்றோர் சிறப்பாசிரியர் பணிக்கு உரியராவர். இசையைத் தொழில் என ஒப்பும் அரசு, ஊதியத்தில் அதனை மறந்துவிடுகிறது. 2012இல் ஓவியம், இசை, தையல் உள்ளிட்ட பாடங்களுக்கு நியமிக்கப்பெற்ற 16,549 பகுதிநேர ஆசிரியர்களுக்குத் தொடக்கத்தில் தரப்பட்டது மாதம் 5,000 ரூபாய்.

1997க்குப் பின் தோன்றிய மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் நல்ல முயற்சியே. மூன்றாண்டுப் படிப்பு, 12 முதல் 25 வயதுடையோர் சேரலாம். அங்கும் ஒரு செய்தி நெருடுகிறது. குரலிசை, வயலின், மிருதங்கம் பயில ஏழாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றும், நாதசுரம், தவில், தேவாரம் பயில எழுதப் படிக்கத் தெரிந்தாற் போதும் என்றும் விதித்தனர். சலுகையாகச் செய்யப்பட்டதுதான். ஆனால் நாதசுரக்காரன் மகனுக்குப் படிப்பு எதற்கு என்ற பழைய எண்ணமும் அதனுள் மறைந்து கிடக்கிறது அன்றோ?

பழனி சுப்பிரமணிய பிள்ளை (1908–1962) தந்தை முத்தையா பிள்ளையிடமே தொழில் கற்றார். இடக்கையால் மிருதங்கம் வாசித்தவர். மேடையில் அமரும் முறையை மாற்ற வேண்டியிருந்ததால் தடைகள் எழுந்தன. செம்பை வைத்தியநாத பாகவதர் துணைநின்றார். அவர் காலத்தில் வீடே பள்ளி. இன்று பிள்ளை பகல் முழுதும் வகுப்பில் இருக்கிறான், இருக்கவும் வேண்டும். சாதகத்திற்கு எஞ்சுவது விடியற்காலை மட்டுமே. அரசுப் பொதுத்தேர்வு வரும் பங்குனியில்தான் பழனியில் உத்திரத் திருவிழா. தைப்பூசமும் தை முகூர்த்தங்களும் திருப்புதல் தேர்வுகளோடு மோதுகின்றன. தவில் வீட்டுப் பிள்ளை கச்சேரிக்குச் சென்றால் பள்ளிப் பதிவேட்டில் அது விடுப்பு. தொழிற்பிரிவு மாணவனாயின் அதுவே செய்முறைப் பயிற்சி. ஒரு குடும்பத்தின் கலை அடுத்த தலைமுறைக்குச் செல்வதும் நின்றுபோவதும் இந்தச் சிறு வேறுபாட்டில் இருக்கிறது.

இயலாத ஒன்றன்று இது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 11, 12ஆம் வகுப்புகளில் கருநாடக இசையைப் பாடமாக வைத்துச் செய்முறைக்கு 70 மதிப்பெண் தருகிறது. இலங்கையில் உயர்தர வகுப்பில் கருநாடக சங்கீதம் பாடமாக உள்ளது. இங்கிலாந்தில் அதே வயதினர்க்கு, மேடை நிகழ்ச்சியும் ஒலிப்பதிவும் பயிற்றும் தொழிற்சான்றிதழ் உண்டு. ஆயினும் அவற்றை அப்படியே பெயர்த்து நடுவதால் பயனில்லை. இங்குள்ள பாடத்திட்டத்தில் ராக இலக்கணத்தோடு, கொறுக்கைத் தட்டையில் சீவாளி செய்தல், தவிலுக்குத் தோல் மாற்றி வார் பிடித்தல், விரற்கூடு செய்தல் ஆகியனவும் வேண்டும். அச்சாரம் வாங்கும்போது கணக்கெழுதுதல், ஒலிப்பதிவின் உரிமை யாருக்கு என அறிதல் ஆகியனவும் அதில் அடங்கும். மூத்த நாதசுரக் கலைஞருக்குப் பட்டம் இல்லை என்று சொல்லி வகுப்பறை வாயிலில் நிறுத்திவிடவும் கூடாது.

கவிஞர்கட்கு இதில் என்ன பணி என வினவலாம். பேகனைப் பாடிய புலவர் சிலர், தமக்குப் பொருள் வேண்டா, பிரிந்த மனைவியிடம் அவன் திரும்பினாற் போதும் என வேண்டினர். பிறர்க்காகக் கேட்கும் உரிமை புலவர்க்கு இருந்தது. பதினோராம் வகுப்புச் சேர்க்கைக் காலத்தில், இவ்வட்டத்து உறுப்பினர் இருவர் சுற்றூர்த் தலைமையாசிரியர்களைக் கண்டு, இசைக்குடும்பத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் பத்தாம் வகுப்போடு நின்றனர் என்று கேட்டு எழுதிவரட்டும். அடுத்த கூட்டத்தில் அந்தப் பட்டியலை முதலில் வாசிக்கலாம். கவியரங்கம் அதன்பின் தொடங்கட்டும்.