தாய்மையும் பணியும்: பாரம் யார் மீது?

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 



சற்று முன்னர் செயலாளர் அவர்கள் ஆண்டறிக்கையை வாசிக்கையில், நமது ஜமாஅத்தின் கல்வி உதவியைப் பெற்றுப் படிக்கும் மாணவியரைப் பற்றிக் குறிப்பிட்டார்கள். கேட்டபோது உள்ளம் குளிர்ந்தது. ஒரு தலைமுறைக்கு முன்னர் பெண் பிள்ளையின் படிப்பை எட்டாம் வகுப்போடு நிறுத்திய குடும்பங்களே இன்று செவிலியர் பயிற்சிக்கும், ஆசிரியர் பயிற்சிக்கும், பொறியியல் கல்விக்கும் மகளை அனுப்பி வைக்கின்றன. ஆனால் படித்து முடித்த பின்னர் அப்பெண்களின் நிலை என்ன? எத்தனை பேர் வேலைக்குச் சென்றனர்? சென்றவர்களுள் எத்தனை பேர் முதற்குழந்தை பிறந்த பின்னரும் பணியில் நீடிக்கின்றனர்? இக்கேள்விகளுக்கு விடை தரும் பக்கம் நமது அறிக்கையில் இல்லை. ஆகவே அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

நமது மாவட்டத்தில் எழுந்த வழக்கு

இது எங்கோ பெருநகரத்துப் பிரச்சினை என்று எவரும் எண்ண வேண்டாம். நாடு முழுவதும் பேசப்பட்ட ஒரு வழக்கு நமது தருமபுரி மாவட்டத்திலிருந்தே உச்ச நீதிமன்றம் வரை சென்றது. இங்குள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் 2012 டிசம்பரில் பணியில் சேர்ந்த ஆங்கில ஆசிரியை ஒருவர். முதல் திருமணம் மணவிலக்கில் முடிந்தது. அத்திருமணத்தில் பிறந்த இரு பிள்ளைகளும் தந்தையிடமே வளர்ந்தனர். ஆசிரியை 2018 இல் மறுமணம் செய்து கொண்டார். 2021 ஆகஸ்டில் மகப்பேறு விடுப்புக்கு விண்ணப்பித்தார். இரு குழந்தைகளுக்கு மேல் விடுப்பு வழங்க விதியில் இடமில்லை என்று கூறி, மாவட்டக் கல்வித் துறை அதே மாதம் மறுத்து விட்டது.

அவர் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடினார். 2022 மார்ச்சில் தனி நீதிபதி அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அதே ஆண்டு செப்டம்பரில் இரு நீதிபதிகள் அமர்வு அத்தீர்ப்பை மாற்றியது. இறுதியாக 2025 மே 23 அன்று, உச்ச நீதிமன்ற நீதியரசர்கள் அபய் எஸ். ஓகா, உஜ்ஜல் புயான் ஆகியோர் ஆசிரியையின் மேல்முறையீட்டை ஏற்று, விடுப்புப் பலன்களை வழங்குமாறு ஆணையிட்டனர். மக்கள்தொகையைக் கட்டுப்படுத்துவது அரசின் நோக்கமாக இருக்கலாம். தாய்க்கு விடுப்புத் தருவதும் ஒரு நோக்கமே. ஒன்று மற்றொன்றை அழித்துவிடாதபடி இரண்டையும் இணைத்தே பொருள் கொள்ள வேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

சகோதரர்களே! விண்ணப்பித்ததற்கும் தீர்ப்புக்கும் இடையே கடந்தது ஏறத்தாழ மூன்றே முக்கால் ஆண்டுகள். கைக்குழந்தைக்காகக் கேட்ட விடுப்புக்கு, அக்குழந்தை மழலையர் பள்ளிக்குச் செல்லும் வயதை எட்டிய பின்னரே முழு நியாயம் கிடைத்தது. அவர் படித்தவர், அரசு ஊழியர், நீதிமன்றப் படியேறும் துணிவுள்ளவர். இம்மூன்றும் இல்லாத தாயின் கதி என்ன என்பதைச் சிந்தித்துப் பாருங்கள்.

சட்டம் தந்ததும் தராததும்

சட்டம் ஒன்றுமே செய்யவில்லை என்று கூறுவது நன்றி மறப்பதாகும். 1961 ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் 12 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பை வழங்கியது. 2017 இல் அது முதலிரு குழந்தைகளுக்கு 26 வாரங்களாக உயர்ந்தது. ஏற்கெனவே இரு குழந்தைகள் உள்ள தாய்க்கும் 12 வாரங்கள் உண்டு. 50 பேருக்குக் குறையாமல் பணிபுரியும் நிறுவனம் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்றும், தாய் நாளொன்றுக்கு நான்கு முறை அங்கு சென்று பிள்ளையைப் பார்த்து வரலாம் என்றும் அதே திருத்தம் கூறியது. இவ்விதிகள் பின்னர் 2020 ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில் சேர்க்கப்பட்டு, அத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. நாட்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு நலன் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2000 ஆம் ஆண்டிலேயே டில்லி மாநகராட்சி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. தமிழக அரசோ தன் பெண் ஊழியர்களுக்கு 90 நாட்களாக இருந்த விடுப்பை 2011 இல் 6 மாதங்களாகவும், 2016 இல் 9 மாதங்களாகவும், 2021 ஜூலை முதல் 12 மாதங்களாகவும் உயர்த்தியது.

எனினும் இரு குறைகள் எஞ்சி நின்றன. முதலாவது, 1961 இன் சட்டத்திலும் 2017 இன் திருத்தத்திலும் தந்தைக்கென ஒரு நாள் விடுப்புக் கூட இல்லை. பிள்ளை வளர்ப்பு தாய் ஒருத்தியின் வேலையே என்று சட்டமும் எண்ணிவிட்டது போலும்! இரண்டாவது, தொழிலாளர் ஈட்டுறுதித் திட்டமான ஈ.எஸ்.ஐ.யில் சேராத பெண்ணின் விடுப்புக் காலச் சம்பளம் முழுவதையும் முதலாளியே தர வேண்டும். ஆகவே, புதிதாக மணமான பெண்ணை வேலைக்கு எடுக்கவே சிலர் தயங்குகின்றனர். தாயைக் காக்க வந்த விதியே அவளுக்குக் கதவை அடைக்கும் காரணமாகவும் ஆகிவிடுகிறது.

புளி மண்டியிலும் வீட்டுத் திண்ணையிலும் கூலிக்குப் புளி தட்டும் நம் தாய்மார்களுக்கோ இவ்விடுப்புகள் எட்டுவதில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் பெயரால் 1987 இல் தொடங்கிய மகப்பேறு நிதியுதவித் திட்டம், 2018 இல் 18,000 ரூபாயாக உயர்ந்து, ஏழைத் தாய்மார்களுக்கு முதலிரு பேறுகளுக்கு ஓரளவு கைகொடுத்தது. ஆனால் இழந்த கூலி முழுவதையும் அது ஈடு செய்யாது.

இடைவெளி எங்கே தோன்றுகிறது?

ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையே வருமானம் வேறுபடுவது ஏன் என்று ஆராய்ந்தவர் அமெரிக்கப் பேராசிரியை கிளாடியா கோல்டின். 2023 இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். முன்னொரு காலத்தில் கல்வியும் தொழில் தேர்வும் அவ்வேறுபாட்டுக்குப் பெருங்காரணங்களாக இருந்தன. இன்றோ ஒரே தொழிலில் உள்ள ஆண் பெண் இருவரிடையே, முதற்குழந்தையின் பிறப்போடுதான் இடைவெளி பெரும்பாலும் தொடங்குகிறது என்பது அவரது முடிவு. காப்பகமும் விடுப்பும் தாராளமாக உள்ள டென்மார்க் நாட்டிலேயே, முதற்குழந்தைக்குப் பின்னர் பெண்ணின் வருமானம் ஆணோடு ஒப்பிடுகையில் நீண்ட காலத்திற்கு ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்து நிற்கிறது என்று ஆய்வாளர்கள் கண்டறிந்துள்ளனர். ஆணின் வருமானமோ தந்தையானதால் குறைவதில்லை.

நமது நாட்டில் காரணத்தைத் தேடி வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. 2024 இல் மைய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அவற்றுக்காக நாளொன்றுக்குச் சராசரியாக 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். அவ்வேலைகளில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். அலுவலகத்தில் எட்டு மணி நேரம் உழைத்து வரும் பெண், வீட்டில் மீண்டும் ஒரு பணிநேரத்தைத் தொடங்குகிறாள். குழந்தையும் பிறந்து விட்டால், இரண்டில் ஒன்றை விட வேண்டிய நிலை வருகிறது. அவள் எதை விடுகிறாள் என்பது நாம் அறிந்ததே.

மார்க்கம் காட்டும் வழி

அல்பகரா அத்தியாயத்தின் 233 ஆம் வசனத்தை நாம் பலமுறை ஓதியிருக்கிறோம். பாலூட்டும் காலத்தை முழுமைப்படுத்த விரும்புவோருக்கு அதனை ஈராண்டு என வகுக்கும் அவ்வசனம், தாயின் உணவுக்கும் உடைக்கும் தந்தையைப் பொறுப்பாளியாக்குகிறது. பிள்ளையைக் காரணமாக்கித் தாய்க்குத் தீங்கிழைக்கலாகாது என்றும், தந்தைக்கும் அவ்வாறே தீங்கு நேரலாகாது என்றும் கட்டளையிடுகிறது. பால்குடி மறக்கச் செய்வதைக்கூட இருவரும் மனமொப்பிக் கலந்தாலோசித்தே முடிவு செய்ய வேண்டும் என்கிறது. ஒரு பிள்ளையின் பால்குடியை நிறுத்தவே கலந்தாலோசனை வேண்டுமென்றால், ஒரு பெண்ணின் பல்லாண்டுக் கல்வியையும் பணியையும் நிறுத்துவதற்கு அவளைக் கேட்காமலேயே மாமியார் வீட்டார் முடிவெடுப்பது எவ்வகையில் நியாயம்?

நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையை நீட்டித் தொழ எண்ணி நின்றபோதும், குழந்தையின் அழுகுரலைக் கேட்டால், அதன் தாயின் மனம் தவிப்பதைக் கருதித் தொழுகையைச் சுருக்கிக் கொள்வார்கள் என்று புகாரி நூலில் பதிவாகியுள்ளது. இதனை ஆழ்ந்து நோக்குங்கள். பிள்ளையோடு வந்த தாய் ஜமாஅத்தில் நின்றாள். அவளை வெளியே போகச் சொல்லவில்லை. தொழுகையே அவளுக்காகச் சுருங்கியது. தொழுகையை விடவா நமது கடையும் அலுவலகமும் பெரியவை?

இரண்டாம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறும் இதையே போதிக்கிறது. பால்குடி மறந்த பிள்ளைகளுக்கே அரசு உதவித் தொகை என்று அவர்கள் விதி வகுத்திருந்தார்கள். ஓரிரவு மதீனாவில் தங்கிய வணிகக் கூட்டத்தைக் காவல் காத்தபோது ஒரு குழந்தை ஓயாமல் அழுவதைக் கேட்டு விசாரித்தார்கள். தொகை பெறுவதற்காகவே பிள்ளையின் பாலை முன்கூட்டியே நிறுத்துவதாக அத்தாய் கூறினாள். விதி தாயையும் சேயையும் வருத்துவதை அறிந்த கலீஃபா அழுதார்கள். பிறந்த நாள் முதலே ஒவ்வொரு குழந்தைக்கும் உதவித் தொகை என்று விதியை மாற்றினார்கள். உச்ச நீதிமன்றம் நமது மாவட்டத்து ஆசிரியைக்குச் செய்ததும் இத்தகையதே. விதி தாயை வருத்துமாயின், விதியை நோக்கியே நமது கேள்வி எழ வேண்டும்.

ஓர் ஐயம்

"பொருளீட்டும் கடமை பெண்ணுக்கு இல்லையே, அவள் வீட்டில் இருந்தால் என்ன?" என்று சிலர் கேட்பர். கடமை இல்லை என்பது உண்மை. கடமை இல்லை என்பது வேறு, உரிமை இல்லை என்பது வேறு. அன்னை கதீஜா (ரலி) அவர்கள் வணிகம் செய்தார்கள். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் துணைவியார் ஸைனப் (ரலி) அவர்கள் தம் பொருளைக் கணவருக்கும் தம் பொறுப்பிலிருந்த அநாதைகளுக்கும் செலவிட்டபோது, அதற்கு இரட்டை நன்மை உண்டென நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறினார்கள். வீட்டிலிருந்து பிள்ளை வளர்க்க விரும்பும் தாயின் உழைப்பும் பெரிதே. 2023 ஜூலையில் நமது தொப்பூரில்தான் மகளிர் உரிமைத் தொகைக்கான விண்ணப்பப் பதிவு முகாமை முதலமைச்சர் தொடங்கி வைத்தார். அத்தொகைக்கு 'உதவி' என்று பெயரிடாமல் 'உரிமை' என்று பெயரிட்டதன் பொருளை நாம் உணர வேண்டும். வேலைக்குச் செல்பவளானாலும், வீட்டில் இருப்பவளானாலும், தேர்வு அவளுடையதாக இருக்கட்டும்.

மேலும், கணவனை இழந்தோ மணவிலக்குப் பெற்றோ பிள்ளைகளுடன் தாய் வீடு திரும்பும் பெண்கள் ஜமாஅத்தின் உதவி கோரி என்னிடம் வருகிறார்கள். அவர்களுள் செவிலியர் பயிற்சி முடித்தவரும் உண்டு. முதற்குழந்தைக்காகப் பணியை விட்டுப் பத்தாண்டுகள் கழிந்த பின்னர் அவரை ஏற்க எந்த மருத்துவமனையும் முன்வரவில்லை. அன்று வீட்டார் சிறிது கைகொடுத்திருந்தால், இன்று அவர் கையேந்தி நிற்க நேர்ந்திராது.

நாம் செய்ய வேண்டியவை

முதலாவதாக, கணவன்மார்களே! வீட்டில் நாயகம் (ஸல்) அவர்கள் என்ன செய்வார்கள் என்று வினவியபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் புறப்படுவார்கள் என்றே அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தார்கள். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தவாறே தொழுதவர்கள் நம் நபி. பிள்ளையைத் தூக்குவதும் தொட்டில் ஆட்டுவதும் ஆண்மைக்கு இழுக்கென்று எண்ணுபவர் எந்த சுன்னத்தைப் பின்பற்றுகிறார்?

இரண்டாவதாக, திருமணம் பேசும்போதே, பெண் பணியைத் தொடர்வது பற்றியும், பிள்ளை பிறந்தால் யார் கவனிப்பது என்பது பற்றியும் இரு வீட்டாரும் வெளிப்படையாகப் பேசி முடிவு செய்யுங்கள்.

மூன்றாவதாக, கடையும் ஆலையும் பள்ளிக்கூடமும் நடத்தும் நம் ஜமாஅத்தார், ஊழியர்களை ஈ.எஸ்.ஐ.யில் முறையாகப் பதிவு செய்யுங்கள். அவ்வாறு செய்தால் மகப்பேறு காலப் பணத்தை அந்நிறுவனமே வழங்கும். முதலாளிக்குத் தனிச் சுமை இராது. பேறு முடிந்து திரும்பும் பெண்ணுக்கு அதே இடத்தை வைத்திருங்கள்.

நான்காவதாக, நிர்வாகக் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். மக்தப் பிள்ளைகள் காலையில் ஓதிச் சென்ற பின்னர் நமது மதரஸாக் கூடம் மாலை வரை பூட்டியே கிடக்கிறது. அங்கு நம்பிக்கைக்குரிய இரு மூதாட்டியரை ஊதியத்திற்கு அமர்த்தி, வேலைக்குச் செல்லும் தாய்மார்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் ஒன்றை நடத்தலாம். புளி தட்டும் தாயின் பிள்ளையும், ஆசிரியையின் பிள்ளையும் ஒரே பாயில் உறங்கட்டும். இப்பொதுக்குழு இதனைத் தீர்மானமாக நிறைவேற்றினால், அடுத்த ஆண்டறிக்கையில் கல்வி உதவி பெற்ற மாணவியரின் எண்ணிக்கைக்கு அடுத்த வரியிலேயே, பிள்ளை பெற்ற பின்னரும் பணியில் தொடரும் பெண்களின் எண்ணிக்கையையும் நாம் வாசிக்கலாம்.

அல்லாஹ் நம் தாய்மார்களின் பாரத்தை இலேசாக்குவானாக! அதைப் பகிர்ந்து சுமக்கும் தவ்ஃபீக்கை நமக்குத் தந்தருள்வானாக! நம் சந்ததியரைக் கண்குளிர்ச்சியாக ஆக்குவானாக! ஆமீன். வஸ்ஸலாம்.