நாய்க்குட்டி வாங்குமுன் வீட்டுக் கணக்கைப் பாருங்கள்

(சங்கத்தின் ஆடி மாதக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பி பிளாக் பார்க்கிங்கில் தூணோடு கட்டியிருக்கும் லாப்ரடாரை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சித்திரையில் வேலை மாற்றலாகி வீட்டைக் காலி செய்த ஒரு குடும்பம், "அடுத்த வாரம் வந்து கூட்டிப் போகிறோம்" என்று வாட்ச்மேனிடம் சொல்லிவிட்டுப் போனது. இப்போது ஆடி. அந்தப் போன் நம்பரும் எடுப்பதில்லை. நம் வாட்ச்மேன்தான் தன் சாப்பாட்டில் பாதியை அதற்கு வைக்கிறார்.

அந்த நாயை யாராவது எடுத்துக்கொள்ளும்படி பேசச் சொல்லித்தான் செயலாளர் என்னை அழைத்தார். அதைக் கடைசியில் பேசுகிறேன். முதலில், அந்த நாய் ஏன் அங்கே நிற்கிறது என்று பார்ப்போம். அந்தக் குடும்பம் கல்நெஞ்சக்காரர்கள் அல்ல. வாங்கும் நாளில் கணக்குப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இதைச் சொல்ல எனக்குத் தகுதி உண்டு. ஏனென்றால் அதே தப்பை நானும் செய்தவன்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற வருடம் ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கினேன். எங்கள் பூர்வீகம் அந்தப் பக்கம். 2005-இல் தபால் தலையில் வந்த நாய் எங்கள் ஊர் நாய் என்ற பெருமை வேறு. என் மகனுக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை வேலை. "காலையில் நான் ஓடக் கூட்டிப் போகிறேன் அப்பா" என்றான். முதல் மாதம் போனான். அடுத்த மாதம் நைட் ஷிப்ட். எனக்கு முழங்கால் வலி. ஓட வேண்டிய நாய் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அடைந்து கிடந்தது. கதவைக் கடித்தது, இரவெல்லாம் குரைத்தது. கீழ்வீட்டில் கைக்குழந்தை. அந்த அம்மா ஒரு நாளும் சண்டைக்கு வரவில்லை. ஆனால் லிஃப்டில் பார்க்கும்போது கண் சிவந்திருக்கும். ஒன்பதாவது மாதம் அதை ஊரில் உறவினர் மாந்தோப்புக்கு அனுப்பினோம். மறு வருடம் போனபோது ஓடிவந்து என் மேல் விழுந்தது. தோப்புக்காரர் ஒரு விசில் அடித்ததும் திரும்பி அவரிடம் ஓடிவிட்டது. நாயின் மேல் தப்பில்லை. நான் போட்ட கணக்குத்தான் தப்பு.

வங்கியில் கடன் கொடுக்குமுன் மனுதாரருக்குத் திருப்பிக் கட்டும் சக்தி இருக்கிறதா என்று பார்ப்போம். ஆள் நல்லவரா என்பது மட்டும் போதாது. நாய்க்கும் அப்படித்தான். மூன்று கணக்கு போடுங்கள்: நேரம், இடம், பணம்.

முதலில் நேரம். எந்த இனம் என்று யோசிக்குமுன் ஒரு தாளில் வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் வெளியே போகும் நேரம், வரும் நேரம் எழுதுங்கள். மூன்று ஷிப்டும் தனித்தனியாக எழுதுங்கள். எட்டு மணி நேர வேலை, கம்பெனி பஸ் போக வர மூன்று மணி நேரம் என்றால் பதினொரு மணி நேரம். குட்டி எத்தனை மாதமோ அதோடு ஒன்று கூட்டினால், அத்தனை மணி நேரம்தான் சிறுநீரை அடக்கும் என்பது ஒரு தோராயக் கணக்கு. இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி நேரம். நைட் ஷிப்ட் முடித்து வந்தவர் பகலில் தூங்கினால் அவர் வீட்டில் இருக்கிறார் என்று கணக்கில் சேர்க்காதீர்கள். அந்தத் தாளில் பகலில் நான்கு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து யாரும் இல்லை என்றால், குட்டி வேண்டாம். வளர்ந்த நாயைப் பற்றி வேண்டுமானால் யோசிக்கலாம்.

இரண்டாவது இடம். இதில் வெயிலும் சேர்த்தி. நாய்க்கு நம்மைப்போல் உடம்பெல்லாம் வியர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வியர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு அந்த மூச்சே சிரமம். ஹஸ்கி பனிப்பிரதேசத்தில் வண்டி இழுக்க வளர்த்த நாய், இரட்டை ரோமம். ஸ்ரீபெரும்புதூரின் கத்திரி வெயிலில் அதை வளர்ப்பது, மின்வெட்டு வரும் நாளிலெல்லாம் அதைத் தண்டிப்பதற்குச் சமம். உங்கள் வீட்டு ஏ.சி.யை நம்பி ஒரு உயிரை வாங்காதீர்கள்.

லாப்ரடார் சாதுவான நாய், குழந்தைகளோடு நன்றாகப் பழகும். ஆனால் ஓட்டம் இல்லாவிட்டால் கொழுத்துவிடும், இடுப்பு மூட்டுத் தொந்தரவு வரக்கூடிய இனம். ஜெர்மன் ஷெப்பர்ட் ஆடு மேய்க்கப் பிறந்தது. பழக்கமும் வேலையும் கொடுக்க ஆள் வேண்டும். பீகிள் பார்க்கச் சின்னது, ஊளை பெரியது. ஷிட்சுவுக்கு முடி வெட்ட மாதாமாதம் செலவு. நாம் பொமரேனியன் என்று சொல்கிற வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். ஃபிளாட்டுக்கு அளவான நாய். ஆனால் காலிங் பெல் அடிக்கும்போதெல்லாம் குரைக்கும்.

நம் நாட்டு இனங்களில் சிப்பிப்பாறையும் கன்னியும் கரிசல் காட்டில் முயல் வேட்டைக்கு வளர்த்தவை. ஓடும் எதையும் துரத்தும். பக்கத்து வீட்டுப் பூனையும் கோழியும் அதில் அடக்கம். தேனி மாவட்டத்துக் கோம்பை காவலுக்குக் கெட்டி. ராஜபாளையம் வேட்டைக்கும் காவலுக்கும் ஆனது, அந்நியரைச் சேர்க்காது. இந்த நான்கையும் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. சைதாப்பேட்டையில் அரசின் கால்நடை பராமரிப்புத் துறையே இவற்றுக்கு ஒரு இனப்பெருக்கப் பிரிவை நடத்தி வந்திருக்கிறது. படப்பை, வாலாஜாபாத் பக்கம் மனையும் மதில் சுவரும் உள்ளவர்கள் தாராளமாக வளர்க்கலாம். மூன்றாவது மாடியில் வேண்டாம்.

மூன்றாவது பணம். குட்டியின் விலை வெறும் முன்பணம்தான். சாப்பாடு, தடுப்பூசி, உண்ணி மருந்து, டாக்டர் பீஸ், ஊருக்குப் போகும்போது விட்டுச் செல்லும் செலவு எல்லாம் சேர்த்துப் பேச்சுக்கு மாதம் 3,000 ரூபாய் என்று வையுங்கள். 12 வருடத்துக்கு 4,32,000 ரூபாய். அதில் ஒரு அறுவை சிகிச்சை கூடச் சேரவில்லை. அந்த 12 வருடத்தில் உங்களுக்கு மாற்றல் வருமா, குழந்தை பிறக்குமா, வயதான அம்மா அப்பா வந்து தங்குவார்களா என்பதையும் எழுதுங்கள். வாடகைக்கு இருப்பவர்கள் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள்.

மூன்று கணக்கும் தேறினால், இனி குட்டி.

எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. நாய் இனப்பெருக்கம், விற்பனைக்கான 2017-ஆம் ஆண்டு மத்திய விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். இதில் சட்டம் மட்டும் இல்லை. கூடப் பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதுதான் எவ்வளவு அழுத்திக் கடித்தால் வலிக்கும் என்று ஒரு குட்டி கற்றுக்கொள்கிறது. முப்பது நாளில் பிரித்த குட்டிக்கு அது தெரியாது. பாதிப்பு உங்கள் பேரப்பிள்ளையின் விரலுக்கு.

வாட்ஸ்அப் படத்தைப் பார்த்து முன்பணம் அனுப்பாதீர்கள். நேரில் போங்கள், தாய் நாயைக் காட்டச் சொல்லுங்கள். தாயைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். தாய் பயந்து நடுங்கினாலோ, பாய்ந்து வந்தாலோ குட்டியிடமும் அந்தச் சாயல் வரலாம். குட்டியின் கண்ணில் பீளை, மூக்கில் சளி, பின்பக்கத்தில் கழிச்சல் ஒட்டியிருந்தால் வேண்டாம். உடம்பு மெலிந்து வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் குடற்புழு இருக்கலாம். ஈறு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுத்திருந்தால் இரத்தக் குறைவு. தலைக்குப் பின்னால் நின்று, அது பார்க்காதபோது கை தட்டுங்கள். வெள்ளை ராஜபாளையத்தில் காது கேளாத குட்டிகள் பிறப்பதுண்டு. இந்தச் சோதனையை அங்கே கட்டாயம் செய்யுங்கள்.

எல்லாக் குட்டிகளையும் தள்ளிக்கொண்டு முதலில் உங்கள் மடியில் ஏறுவதைப் பார்த்து மயங்காதீர்கள். மூலையில் ஒடுங்கியிருப்பதைப் பரிதாபப்பட்டும் எடுக்காதீர்கள். முதல் நாய் வளர்ப்பவருக்கு நடுவில் இருப்பதே நல்லது: கூப்பிட்டால் வரும், மல்லாக்கப் படுக்க வைத்தால் கொஞ்சம் திமிறிவிட்டு அடங்கும். முடிந்தால் இரண்டு முறை போய்ப் பாருங்கள். தடுப்பூசி அட்டையில் மருந்துப் புட்டியின் ஸ்டிக்கரும் டாக்டர் கையெழுத்தும் இருக்கிறதா பாருங்கள். வெறும் தேதி மட்டும் எழுதியிருந்தால் அது கையெழுத்தில்லாத செக் மாதிரி.

வீட்டுக்கு வந்த மறுநாளே கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். முதல் தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில். பிறகு மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்றாகப் பதினாறு வாரம் ஆகும்வரை. அது முடியும்வரை நம் புல்தரையில் விடாதீர்கள். குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாந்தி, இரத்தக் கழிச்சல் என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இங்கிருந்து நாற்பது கிலோமீட்டருக்கு மேல். ஆகவே இரவில் பார்க்கும் டாக்டர் அருகில் யார் என்று முன்பே கேட்டு வையுங்கள். ரேபிஸ் ஊசி மூன்று மாதத்தில். பிறகு டாக்டர் சொல்லும் தேதியில் தவறாமல். எந்த நாய் கடித்தாலும், குட்டியின் பல் கீறினாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். பாயசம் மிஞ்சினால் நாய்க்கு வைக்காதீர்கள். அதிலுள்ள திராட்சை அதன் சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெங்காயமும் சாக்லேட்டும் கூடாது.

சங்கத்துக்கும் ஒரு வார்த்தை. பெரும்பான்மை ஓட்டுப் போட்டு வளர்ப்பு நாயையே தடை செய்ய நமக்கு அதிகாரம் கிடையாது. இந்திய விலங்குகள் நல வாரியத்தின் 2015-ஆம் ஆண்டு வழிகாட்டுதலில் இது தெளிவாக இருக்கிறது. அதே நேரம் பொது இடத்தில் கயிறு பிடிப்பதும், மலத்தை அள்ளுவதும், தடுப்பூசி போடுவதும் வளர்ப்பவர் பொறுப்பு. என் ராஜபாளையத்தால் ஐந்து மாதம் தூக்கம் கெட்ட அந்தக் கீழ்வீட்டு அம்மா இன்றும் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அம்மா, அன்று கேட்காத மன்னிப்பை இன்று கேட்டுக்கொள்கிறேன்.

இனி பார்க்கிங் லாப்ரடார். நான்கு வயது இருக்கும் என்று டாக்டர் சொன்னார். பெண் நாய், கருத்தடை ஆகியிருக்கிறது. சாது. வீட்டுக்குள் அசுத்தம் செய்யாத பழக்கம் இருக்கிறது. குட்டிக்குப் படும் பாடு இதற்கு இல்லை. காலையும் மாலையும் அரை மணி நேரம் நடக்க ஒரு ஆள், பகலில் ஒரு துணை, இவை போதும். விலை கிடையாது; செலவு உண்டு.

இப்போதே கை தூக்க வேண்டாம். இன்று வீட்டுக்குப் போய் அந்தத் தாளை எழுதுங்கள். மூன்று கணக்கும் தேறினால் ஞாயிற்றுக்கிழமை காலை பார்க்கிங்குக்கு வாருங்கள். வாட்ச்மேனும் நானும் இருப்போம். தேறாவிட்டால் வராதீர்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அந்த நாயை ஒருமுறை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டாம் முறை அப்படி நடக்க நாம் காரணமாக வேண்டாம்.