அயல்மண்ணில் அருந்துணை

உற்றார் தொலைவிலிருக்க, இங்கிலாந்தில் மனைவி புற்றுநோய்ச் சிகிச்சை பெறும்போது கணவரே தாயாகவும் செவிலியாகவும் நிற்கிறார். கீமோதெரபி மருந்து புற்றணுக்களோடு குருதியின் வெள்ளணுக்களையும் குறைக்கும். ஆதலின் நள்ளிரவில் உடல்வெப்பம் 38 பாகை செல்சியசைத் தொட்டால், விடியட்டுமெனக் காத்திருத்தல் ஆகாது. பாராசிட்டமால் தந்து காய்ச்சலை மறைத்தலும் ஆகாது. மருத்துவமனை தந்த அவசர எண்ணை அக்கணமே அழைத்தல் உயிர்காக்கும்.

அந்நாட்டில் 2009 முதல், விலக்குச் சான்று பெற்ற புற்றுநோயாளர்க்கு மருந்துச்சீட்டுக் கட்டணம் இல்லை. 2024 ஏப்ரல் முதல், நோயுற்றோரைப் பேணும் பணியாளர்க்கு ஆண்டுக்கு ஒரு வாரம் ஊதியமில்லா விடுப்பு உரிமையாயிற்று. உரிமையைக் கேட்டுப் பெற நாணம் வேண்டா.

பேணுபவரும் உண்ண வேண்டும், உறங்க வேண்டும். ஊரிலுள்ளோர் ஆயிரம் அறிவுரை கூறுவதினும், நாளும் ஒருமுறை அவர் சொல்வதைச் செவிமடுத்தலே பேரறம்.