வீட்டைப் பார்க்கும் முன் அண்டையைப் பாருங்கள்!

(சென்னையில் குடும்பத் தலைவர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



திருவல்லிக்கேணியிலும் ராயப்பேட்டையிலும் மண்ணடியிலும் புதுப்பேட்டையிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த குடும்பங்கள் இன்று தாம்பரத்துக்கு அப்பாலும் பூந்தமல்லிக்கு அப்பாலும் மனை தேடி அலைகின்றன. தகப்பனார் விட்டுச் சென்ற ஒரே வீட்டைப் பிள்ளைகள் பங்கு பிரித்தால் ஆளுக்கு ஓர் அறைகூடத் தேறாது. விற்றுப் பங்கு வைத்தால் கைக்கு வரும் தொகையில் நகரத்துக்குள் ஒரு சமையலறைகூட வாங்க முடியாது. எனவே வெளியே போகிறோம். போவது தவறல்ல. எங்கே போகிறோம் என்று பார்க்காமல் போவதுதான் தவறு!

அந்தத் தவறில் எனக்கும் பங்கு உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மனை விற்பனைத் தொடக்க விழாவுக்கு, "ஹஜ்ரத் வந்து துஆ செய்ய வேண்டும்" என்று அழைத்தார்கள். நோட்டீஸில் மினாரா படம். 'நம்மவர்களுக்கு மட்டும்', 'பள்ளிவாசலுக்கு இடம் ஒதுக்கப்பட்டுள்ளது' என்று கொட்டை எழுத்தில் வாசகங்கள். கோடைக்காலம், தரை காய்ந்து கிடந்தது. ஒரு காகிதத்தையும் கேட்காமல் துஆ செய்துவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்தேன். அந்த ஆண்டு மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர். பள்ளிவாசலுக்கு என்று காட்டிய இடம், வரைபடத்தில் பூங்காவுக்காக ஊராட்சிக்கு ஒப்படைத்த இடமாக இருந்தது. நகையை விற்று மனை வாங்கிய ஒரு சகோதரி, "நீங்கள் துஆ செய்த இடம்தானே என்று நம்பித்தான் வாங்கினோம் ஹஜ்ரத்" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அந்தச் சகோதரிக்குச் சொல்ல முடியாமல் போன பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வீட்டுக்கு முன் அண்டையைத் தேடு என்பது அரபு மக்களின் பழமொழி. ஃபிர்அவ்னின் மனைவி ஆசியா அம்மையார் கேட்ட துஆவைக் குர்ஆன் எடுத்துச் சொல்கிறது. அதிலும் "உன்னிடத்தில்" என்ற சொல் முதலில் வருகிறது. வீடு அதன் பிறகே வருகிறது என்று ஆலிம்கள் விளக்குவார்கள். அந்த அண்டை யார் யார் என்று பார்ப்போம்.

முதல் அண்டை: தண்ணீர்

சென்னையைச் சுற்றியுள்ள நிலம் ஏரிகளின் நிலம். ஒரு ஏரி நிரம்பி அடுத்த ஏரிக்கு வழிந்தோடும்படி முன்னோர் அமைத்தார்கள். ஊர்ப் பெயரே அதைச் சொல்கிறது. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் என்கிறோமே, தாங்கல் என்றால் சிறு ஏரி! அடையாறு ஆதனூர், மணிமங்கலம் பக்கத்து ஏரிகளின் உபரிநீரில் உருவாகி, வரதராஜபுரம், முடிச்சூர் வழியாகத்தான் நகரத்துக்குள் வருகிறது. 2015 டிசம்பரில் அந்தப் பகுதிகளில் மக்களைப் படகில் மீட்டதை மறந்துவிட்டோமா? செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி திறந்ததைப் பற்றி எல்லோரும் பேசினார்கள். ஆனால் அந்த ஏரியின் நீர் வந்து சேராத முடிச்சூரும் மூழ்கியதே, ஏன்? மேலே உள்ள சிறு ஏரிகள் நிரம்பி வழிந்த தண்ணீர், தன் பழைய வழியில் வந்தது. அந்த வழியில் நாம் வீடு கட்டியிருந்தோம்!

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் மீண்டும் மிதந்தன. நகரத்தின் தென்பகுதி மழைநீரை உறிஞ்சி வைத்திருந்த சதுப்பு நிலத்தைச் சுருக்கிவிட்டு, தண்ணீர் எங்கே போகும் என்று கேட்பது நியாயமா?

எனவே மனையை ஏப்ரலில் பார்த்து முன்பணம் கொடுக்காதீர்கள். நவம்பரில், மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். தரகரிடம் கேட்காதீர்கள். அந்தத் தெருவின் டீக்கடைக்காரரிடம், வாடகைக்கு இருப்பவரிடம், "2015-ல் தண்ணீர் எதுவரை வந்தது?" என்று கேளுங்கள். பழைய வீட்டுச் சுவர்களில் கறை தெரிகிறதா என்று பாருங்கள். அனுமதி பெற்ற மனை என்றால் தண்ணீர் வராத மனை என்று பொருளல்ல!

இரண்டாவது அண்டை: காகிதம்

"பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். மனைப்பிரிவுக்கு அனுமதி தருவது சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. 2016 செப்டம்பரில் அனுமதியற்ற மனைகளின் பதிவுக்கு உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது விற்கவும் முடியாமல் கட்டவும் முடியாமல் தவித்த குடும்பங்கள் எத்தனை! 2017-ல் அரசு வரன்முறைத் திட்டம் கொண்டு வந்த பிறகே பலர் மூச்சு விட்டார்கள். 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவு என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண்ணைக் கேளுங்கள். 30 ஆண்டு வில்லங்கச் சான்று, தாய்ப் பத்திரம், பட்டா, 'அ' பதிவேடு, புலப்படம் ஆகியவற்றைப் பாருங்கள். புலப்படத்தில் வாய்க்கால் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பாருங்கள்.

நம்மில் பலர் வட்டிக்கு அஞ்சி வங்கிக் கடன் வாங்குவதில்லை. நல்லது. ஆனால் கடன் வாங்குபவருக்காக வங்கியின் வழக்கறிஞர் பத்திரத்தைத் துருவிப் பார்ப்பார். ரொக்கமாக வாங்கும் நமக்காக யார் பார்ப்பார்கள்? "தாடி வைத்தவர், ஐவேளைத் தொழுகையாளி, ஏமாற்ற மாட்டார்" என்று இருந்துவிடுகிறோம். தாடி பத்திரத்துக்குச் சாட்சி ஆகாது, சகோதரர்களே! வழக்கறிஞருக்கு ஒரு தொகை கொடுத்து, எழுத்தில் கருத்து வாங்குங்கள்.

மூன்றாவது அண்டை: தூரம்

மண்ணடியில் கடை வைத்திருப்பவர் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டினால், அவரைக் காப்பாற்றுவது கடற்கரை - செங்கல்பட்டு மின்சார ரயில்தான். ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்கு எவ்வளவு தூரம்? இரவு பத்து மணிக்கு அங்கே பேருந்து உண்டா? மகள் கல்லூரிக்கு எப்படிப் போவாள்? பிரசவ வலி வந்தால் மருத்துவமனை எங்கே? ஒரு வேலை நாளில் காலையும் இரவும் அந்தப் பயணத்தை நீங்களே செய்து பாருங்கள். சதுர அடியில் மிச்சம் பிடித்ததை ஆட்டோவுக்குக் கொடுத்துக் கொண்டிருப்போர் பலர். தொழுகைக்குப் பள்ளிவாசலும் மையவாடியும் இன்று எங்கே இருக்கின்றன என்று பாருங்கள். நாளை வரும் என்பதை நம்பாதீர்கள். வழிபாட்டுத் தலம் கட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். நோட்டீஸில் மினாரா வரைய யாருடைய அனுமதியும் வேண்டாம்!

நான்காவது அண்டை: மனிதர்கள்

"முஸ்லிமுக்கு வீடு இல்லை" என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். அந்த வலிதான் 'நம்மவர்களுக்கு மட்டும்' என்ற நோட்டீஸை நோக்கி நம்மை ஓட வைக்கிறது. வலி உண்மை. ஆனால் மருந்து சரிதானா? நாமே ஒதுங்கிப் போனால், நம்மை அறியாத ஒரு தலைமுறை பக்கத்துத் தெருவில் வளரும். 2015 வெள்ளத்தில் பள்ளிவாசல்கள் எல்லா மக்களுக்கும் கதவைத் திறந்தன. கோட்டூர்புரத்திலும் சைதாப்பேட்டையிலும் முஸ்லிம் இளைஞர்கள் கோயில்களில் சேறு அள்ளினார்கள். ஊரோடு கலந்து வாழ்ந்ததால் அது இயல்பாக நடந்தது. தொழப் பள்ளி நடை தூரத்தில் இருக்கட்டும். இடது பக்கமும் வலது பக்கமும் எல்லா மக்களும் இருக்கட்டும்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். ஒவ்வொரு மஹல்லாவிலும் ஒரு வழக்கறிஞர், ஓய்வு பெற்ற ஒரு வருவாய்த் துறை ஊழியர், அந்தந்தப் பகுதி தெரிந்த ஓர் இளைஞர் என மூவரைத் தேர்ந்தெடுங்கள். மனை வாங்கும் குடும்பம் முன்பணம் கொடுக்கும் முன் காகிதங்களை அவர்களிடம் காட்டட்டும். கட்டணம் வேண்டாம். ஒரு விதவையின் சேமிப்பைக் காப்பதும் சமுதாயப் பணிதான்.

இனி மனை விழாவுக்கு யார் அழைத்தாலும் நான் முதலில் புலப்படத்தைக் கேட்பேன். துஆ அதன் பிறகுதான். வல்ல ரஹ்மான் நம் அனைவருக்கும் நல்ல வீட்டையும் நல்ல அண்டையையும் தந்தருள்வானாக! ஆமீன்.