யாரும் எழுதாத ஒட்டுண்ணி

போன எபிசோட்ல கான்வேயோட ‘கேம் ஆஃப் லைஃப்’ பார்த்தோம்லா? 1970-ல வந்தது. கட்டத்துக்குள்ள புள்ளிகள் பிறக்கும், சாகும், ஊர்ந்து போகும். அதை ஊருக்குப் போனப்ப பெரியப்பாகிட்ட காட்டினேன். தேரூர்ல வயல் வச்சிருக்கிறவரு. கொஞ்ச நேரம் பார்த்துட்டு கேட்டாரு: “நீ எழுதினதத்தான மக்ளே அது செய்யும்? பொறவு என்ன பரிணாமம்?”

நியாயமான கேள்வி. ‘கேம் ஆஃப் லைஃப்’ஐப் பொறுத்தவரை அவரு சொன்னது சரியும்கூட. நாம திரையில பார்த்தது பரிணாமம் இல்ல. பரிணாமத்துக்கு காப்பி எடுக்கிறப்ப பிழை வரணும், இடத்துக்குப் போட்டி இருக்கணும். அது ரெண்டையும் வச்சு ஒருத்தர் செஞ்சு பார்த்தாரு.

அவரு பேரு தாமஸ் ரே. அமெரிக்காவுல டெலாவேர் பல்கலைக்கழகத்துல இருந்த உயிரியலாளர். கோஸ்டாரிகா மழைக்காட்டுல கொடிகளை ஆராய்ஞ்ச மனுஷன். காட்டுல பரிணாமம் நடக்கிற வேகத்துக்கு நம்ம ஆயுசு பத்தாதே! அதனால ‘டியெரா’ன்னு ஒரு ப்ரோகிராம் எழுதினாரு. ஸ்பானிஷ்ல பூமின்னு அர்த்தம்.

உள்ளே 60,000 கட்டளை பிடிக்கிற மெமரி. அதுல ரே கையால எழுதின ஒரே ஒரு ‘உயிர்’, 80 கட்டளை நீளம். அதோட வேலை தன்னை அளந்து, பக்கத்துல இடம் பிடிச்சு, தன்னைக் காப்பி பண்றது, அவ்வளவுதான். அப்பப்போ ஏதாவது ஒரு பிட் தானா மாறும். இடம் நிறைஞ்சா ‘ரீப்பர்’னு ஒண்ணு வந்து, பெரும்பாலும் வயசானதாப் பார்த்துத் தூக்கும். சரியான எமன்.

1990 ஜனவரியில ஓட விட்டாரு. கொஞ்ச நேரத்துல 45 கட்டளையில ஒண்ணு வந்துச்சு. ஒரே ஒரு பிட் மாறினதுல, தன் முடிவு எங்கேன்னு ஒரு உயிர் தப்பா அளந்து, பாதி உடம்போட பிள்ளை பெத்துடுச்சு. அந்தப் பிள்ளைகிட்ட காப்பி பண்ற கோடே கிடையாது. நானா இருந்தா பக்னு சொல்லி டெலிட் பண்ணியிருப்பேன். ஆனா அது பக்கத்துல இருக்கிற 80-ஓட கோடை ஓட்டித் தன்னைக் காப்பி பண்ணிக்கிச்சு. அசல் ஒட்டுண்ணி!

அப்புறம் அந்த ஒட்டுண்ணி ஏற முடியாத 79 கட்டளை உயிர் வந்துச்சு. ஒட்டுண்ணியோட சிபியு நேரத்தையே திருடுற இன்னொண்ணும் வந்துச்சு. ஒரு தடவை, லூப்பை விரிச்சு ஒரே சுத்துல மூணு கட்டளை காப்பி பண்ற உயிர்கூட வந்திருக்கு. நாம ஆப்டிமைசேஷன்னு படிச்சு எழுதுறது. அங்க அதை யாரும் எழுதல.

பெரியப்பாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான்: ரே எழுதினது விதியை, ஒட்டுண்ணியை இல்ல. அவருக்கு உடனே புகையான் ஞாபகம் வந்துச்சு. நெல்லுலயும் இதே கதைதான். புகையானைத் தாங்கும்னு 1973-ல ஐ.ஆர். 26 ரகத்தை விட்டாங்க. சில வருஷத்துலயே பிலிப்பைன்ஸ்லயும் இந்தோனேசியாவுலயும் அதையும் உறிஞ்சுற புகையான் வந்துடுச்சு.

ஒண்ணு மறைக்காம சொல்லணும். டியெரா உயிர் எப்படித் தோணுச்சுன்னு காட்டல, முதல் உயிர் ரே எழுதினதுதான். கொஞ்ச காலம் ஓடினா புதுசா வர்றதும் நின்னு போகும். காடு மாதிரி நிக்காம புதுசு புதுசா பெத்துப் போடுற சிமுலேஷன் இன்னும் யாருக்கும் வசப்படல.

ஓட்டிப் பார்க்க ஆசைன்னா, டியெரா வழியில 1993-ல வந்த ‘அவிடா’ இருக்கு. அதோட பாடப் பதிப்பு ‘அவிடா-இடி’ ப்ரவுசர்லயே ஓடும். மியூட்டேஷன் அளவை மட்டும் ஏத்தி இறக்கிப் பாருங்க, அடுத்த எபிசோட்ல அதைத்தான் பேசப் போறோம்.